அன்று கழுவி ஊற்றினார்கள்... இன்று கொண்டாடுகிறார்கள்! - ‘தி திங்’ படத்துக்கு என்னதான் நடந்தது?

1982-ம் ஆண்டு ஜூன் 25, வெள்ளிக்கிழமை. ஜான் கார்பென்டர் இயக்கிய ‘தி திங்’ படம் அமெரிக்கத் தியேட்டர்களில் வெளியாகிறது. அன்றைய ‘நியூயார்க் டைம்ஸ்’ நாளிதழைப் பிரித்தவர்களுக்கு, படத்துக்குப் போவதா வேண்டாமா என்ற குழப்பமே இருந்திருக்காது. முட்டாள்தனமான படம், மனதைச் சோர்வடைய வைக்கும் படம், தேவையில்லாமல் காசைக் கொட்டி எடுத்த படம் என்று வரிசையாக அடுக்கியிருந்தார் அந்த நாளிதழின் மூத்த விமர்சகர் வின்சென்ட் கேன்பி. மொத்தத்தில் அது குப்பை என்பதுதான் அவருடைய தீர்ப்பு.

அவர் மட்டும் இல்லை. அந்த வாரம் வெளியான விமர்சனங்களில் பெரும்பாலானவை இதே ரகம்தான்.

இன்றைக்கு நிலைமையே வேறு. உலகின் சிறந்த ஹாரர் படங்கள் என்று யார் பட்டியல் போட்டாலும், முதல் சில இடங்களுக்குள் ‘தி திங்’ இருக்கும். அன்று திட்டித் தீர்த்த அதே காட்சிகளைத்தான் இன்று ஃபிலிம் ஸ்கூல்களில் பாடமாகப் போட்டுக் காட்டுகிறார்கள்.

இத்தனைக்கும் படத்தில் ஒரு ஃப்ரேம்கூட மாறவில்லை. அப்படியென்றால் எது மாறியது? அன்றைய விமர்சகர்கள் எதைத் தவறவிட்டார்கள்? விரிவாகப் பார்ப்போம்.

(ஸ்பாய்லர் எச்சரிக்கை: படத்தின் முக்கியக் காட்சிகளும் முடிவும் இந்தக் கட்டுரையில் வருகின்றன. இன்னும் பார்க்காதவர்கள், பார்த்துவிட்டு வந்து படிப்பது நல்லது.)

படத்தின் கதை என்ன?

இடம், அன்டார்க்டிகா. பனிப் பாலைவனத்தின் நடுவில் ஓர் அமெரிக்க ஆய்வு முகாம். மொத்தமே 12 ஆண்கள். ஒருநாள் ஒரு நாய் பனியில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவருகிறது. பின்னாலேயே ஹெலிகாப்டரில் துரத்தி வரும் நார்வேக்காரர்கள் அதைச் சுட்டுக் கொல்லப் பார்க்கிறார்கள். அமெரிக்கர்கள் நாயைக் காப்பாற்றி முகாமுக்குள் விடுகிறார்கள். அவர்கள் செய்த மிகப்பெரிய தப்பு அதுதான்.

ஏன்னா, அது நாயே இல்லை. பல்லாயிரம் ஆண்டுகளாகப் பனிக்குள் புதைந்து கிடந்த ஒரு வேற்றுக்கிரக உயிர். எந்த உயிரைத் தொட்டாலும் அதை விழுங்கி, அதேபோல அச்சு அசலாக மாறிவிடும். முகம், குரல், பழக்கவழக்கம் என எதிலும் வித்தியாசம் தெரியாது. இப்போது அந்த 12 பேரில் யார் மனிதன், யார் ‘அது’?

வெளியே பனிப்புயல். ரேடியோ வேலை செய்யவில்லை. தப்பித்துப் போகவும் வழியில்லை. மீதிக் கதை முழுக்க, ஒருவரை ஒருவர் சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டே இருப்பதுதான்.

இதன் மூலக்கதை எங்கிருந்து வந்தது?

ஜான் டபிள்யூ. கேம்ப்பெல் எழுதிய ‘ஹூ கோஸ் தேர்?’ என்ற குறுநாவல்தான் மூலக்கதை. இருட்டில் காலடிச் சத்தம் கேட்டால் காவலாளி குரல் கொடுப்பாரே, “யாரது?” என்று... அதுதான் தலைப்பு. 1938 ஆகஸ்ட்டில் ‘அஸ்டவுண்டிங் சயின்ஸ் ஃபிக்‌ஷன்’ இதழில் வெளியானது. அந்த இதழுக்கு அப்போது கேம்ப்பெல்தான் ஆசிரியர். டான் ஏ. ஸ்டூவர்ட் என்ற புனைபெயரில் எழுதினார்.

குறுநாவலில் முகாமில் இருப்பவர்கள் 37 பேர். பனியில் உறைந்து கிடக்கும் உயிரை உள்ளே கொண்டுவந்து பனியை உருக வைக்கிறார்கள். அது எழுந்துவிடுகிறது. யார் மனிதன் என்று கண்டுபிடிக்க முடியாமல் கூட இருப்பவர்களையே பார்த்து நடுங்குகிறார்கள். கடைசியில் ஒரு ரத்தப் பரிசோதனை மூலம் விடை கிடைக்கிறது. மனிதர்கள் மயிரிழையில் ஜெயிக்கிறார்கள்.

கேம்ப்பெல் காட்டும் பயம் கோரைப்பல்லிலோ நகத்திலோ இல்லை. பக்கத்துக் கட்டிலில் தூங்குகிறவன் நேற்று வரை பார்த்த அதே ஆள்தானா என்ற கேள்வியில்தான் இருக்கிறது. இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நடந்த அத்தனை குழப்பத்துக்கும் சாவி இதுதான்.

நடுவில் வந்த இன்னொரு படம்

கார்பென்டருக்கு முன்பே இந்தக் கதை ஒருமுறை படமாகிவிட்டது. 1951-ல் வெளியான ‘தி திங் ஃப்ரம் அனதர் வேர்ல்டு’. இயக்கியவர் கிறிஸ்டியன் நைபி. தயாரித்தவர் ஹாலிவுட் ஜாம்பவான் ஹோவர்ட் ஹாக்ஸ்.

ஆனால், குறுநாவலின் உயிர்நாடியையே அந்தப் படம் எடுத்துவிட்டது. கதை அன்டார்க்டிகாவிலிருந்து வட துருவப் பகுதிக்கு மாறியது. உருமாறும் உயிருக்குப் பதிலாக, ரத்தம் குடித்து வளரும் தாவர வகை ராட்சத மனிதன் வந்தான். ஜேம்ஸ் ஆர்னெஸ் என்ற உயரமான நடிகர் அந்த வேடத்தைப் போட்டார். அன்றைய தொழில்நுட்பத்தில் உருமாறும் ஓர் உயிரைத் திரையில் காட்டுவது லேசுப்பட்ட வேலை இல்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

விளைவு, கதையின் திசையே மாறிப்போனது. எதிரி யார் என்று பார்த்ததுமே தெரிந்துவிடும். வெளியிலிருந்து வருகிறான், எல்லோரும் ஒன்று சேர்ந்து அடிக்கிறார்கள், ஜெயிக்கிறார்கள். சரசரவென்று போகும் வசனம், நகைச்சுவை, ஒரு காதல், குழுவின் ஒற்றுமை எல்லாம் அதில் இருந்தன. படம் கிளாசிக் ஆனது. அமெரிக்காவில் ஒரு தலைமுறையே அதை டி.வி-யில் பார்த்து வளர்ந்தது.

அப்படி வளர்ந்தவர்களில் கார்பென்டரும் ஒருவர். ஹாக்ஸின் தீவிர ரசிகர். அவருடைய ‘ஹாலோவீன்’ (1978) படத்தில் குழந்தைகள் டி.வி-யில் பார்த்துக்கொண்டிருப்பது இந்த 1951 படத்தைத்தான். ஆனால் தனக்கு வாய்ப்பு வந்தபோது அவர் ஹாக்ஸ் படத்தை ரீமேக் செய்யவில்லை. திரைக்கதை ஆசிரியர் பில் லான்காஸ்டரோடு சேர்ந்து நேராகக் குறுநாவலுக்குப் போனார். அன்டார்க்டிகா திரும்ப வந்தது. உருமாறும் உயிர் வந்தது. ரத்தப் பரிசோதனையும் வந்தது. 37 பேர் 12 பேராகக் குறைந்தார்கள். குறுநாவலில் வானிலை ஆய்வாளராக வரும் நாயகன், படத்தில் ஹெலிகாப்டர் பைலட் ஆனார். அந்த மெக்ரெடி கதாபாத்திரத்தில் நடித்தவர் கர்ட் ரஸல்.

விமர்சகர்கள் என்ன சொன்னார்கள்?

‘சிகாகோ சன்-டைம்ஸ்’ விமர்சகர் ரோஜர் ஈபர்ட் 4-க்கு 2.5 ஸ்டார் கொடுத்தார். பார்வையாளர்கள் கையில் வாந்திப் பை வைத்துக்கொண்டு பார்க்க வேண்டிய படங்களில் இது பிரமாதமானது என்று பாதிப் பாராட்டு, பாதிக் கிண்டல். கதாபாத்திரங்களில் ஆழம் இல்லை, ஆபத்து என்று தெரிந்தும் ஆளாளுக்குத் தனியாகத் தனியாகப் போகிறார்களே என்பது அவருடைய குறை.

‘நியூஸ்வீக்’ இதழின் டேவிட் ஆன்சன், ஸ்பெஷல் எஃபெக்ட்ஸுக்காக மற்ற எல்லாவற்றையும் கார்பென்டர் பலிகொடுத்துவிட்டார் என்று எழுதினார். ‘லாஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸ்’ விமர்சகர் லிண்டா கிராஸுக்குப் படத்தின் அவநம்பிக்கைதான் பிரச்னை.

சயின்ஸ் ஃபிக்‌ஷன் ரசிகர்களின் சொந்தப் பத்திரிகைகளாவது ஆதரித்தனவா? அதுவும் இல்லை. ‘ஸ்டார்லாக்’ இதழில் எழுதிய ஒருவர், சாலை விபத்தையும் சவுக்கடியையும் படம் பிடிக்கத்தான் கார்பென்டர் லாயக்கு என்ற அளவுக்குப் போனார். எல்லாக் காலத்திலும் அதிகம் வெறுக்கப்பட்ட படம் இதுதானா என்று ‘சினிஃபென்டாஸ்டிக்’ இதழ் அட்டையிலேயே கேட்டது. 1951 படத்தின் இயக்குநர் நைபியும் சும்மா இருக்கவில்லை. ரத்தம் பார்க்க ஆசையென்றால் கசாப்புக் கூடத்துக்கே போகலாமே என்கிற ரீதியில் பேசினார்.

இசையைக்கூட விட்டுவைக்கவில்லை. இசையமைத்தவர் எனியோ மோரிகோன். மோசமான சினிமாவைக் கிண்டலடிக்கக் கொடுக்கப்படும் ‘ராஸி’ விருதுகளில், மோசமான பின்னணி இசைக்கான பரிந்துரைப் பட்டியலில் அவர் பெயர் இடம்பெற்றது!

வசூலும் கைகொடுக்கவில்லை. சுமார் 1.5 கோடி டாலர் செலவில் எடுத்த படம், அமெரிக்காவில் 2 கோடி டாலரைக்கூடத் தொடவில்லை. தியேட்டர்காரர்களின் பங்கையும் விளம்பரச் செலவையும் கழித்துப் பார்த்தால், படம் ஊத்திக்கிச்சு என்றுதான் அர்த்தம்.

ஏன் அவ்வளவு கோபம்?

இதற்கு மூன்று காரணங்களைச் சொல்லலாம்.

முதல் காரணம், ‘ஈ.டி’. ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்கின் அந்தப் படம் ‘தி திங்’ படத்துக்கு இரண்டே வாரம் முன்பு, ஜூன் 11 அன்று வெளியானது. அதிலும் வேற்றுக்கிரக உயிர்தான். ஆனால் அது சிறுவனோடு நட்பாகிறது, வீட்டுக்குப் போக ஏங்குகிறது, தியேட்டரே கண் கலங்குகிறது. அந்த ஆண்டு அமெரிக்காவில் அதிகம் வசூலித்த படம் அதுதான். இதில் வேடிக்கை, இரண்டு படங்களையும் வெளியிட்டது ஒரே யுனிவர்சல் நிறுவனம்! ஈ.டி-யைக் கட்டிப்பிடித்து அழுதுவிட்டு வந்தவர்கள் முன்னால், மனிதனைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும் வேற்றுக்கிரக உயிரை நிறுத்தினால் எப்படி இருக்கும்? ‘தி திங்’ வெளியான அதே நாளில் வந்த ‘பிளேடு ரன்னர்’ படத்துக்கும் கிட்டத்தட்ட இதே கதிதான்.

இரண்டாவது காரணம், திரையில் தெரிந்த ரத்தமும் சதையும். உருமாற்றக் காட்சிகளை உருவாக்கியவர் ராப் பாட்டின். வேலையைத் தொடங்கியபோது அவருக்கு வயது 22. அது கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ் காலம் இல்லை. ரப்பர், உருகிய பிளாஸ்டிக், பபுள்கம், மயோனைஸ் என்று கையில் கிடைத்ததையெல்லாம் வைத்துச் செய்தார்கள். மாரடைப்பு வந்தவரின் மார்பில் டாக்டர் மின் அதிர்ச்சி கொடுக்கக் கை வைக்கும்போது, மார்பே வாயாகப் பிளந்து அவர் கைகளைக் கடித்துத் துண்டாக்கும் காட்சியை ஒருமுறை பார்த்தவர்களால் மறக்க முடியாது. அதுவரை மெயின்ஸ்ட்ரீம் ஹாலிவுட்டில் யாரும் இப்படிக் காட்டியதில்லை. பெரும்பாலான விமர்சகர்கள் வேலைத்திறமையை ஒப்புக்கொண்டார்கள். ஆனால் அதைத் தாண்டி அவர்களால் எதையும் பார்க்க முடியவில்லை.

மூன்றாவது காரணம், முடிவு. முகாம் எரிந்துகொண்டிருக்கிறது. மெக்ரெடி, சைல்ட்ஸ் என்று இரண்டே பேர்தான் மிச்சம். இருவரில் ஒருவர் ‘அது’வாக இருக்கலாம், இருவருமே மனிதர்களாகவும் இருக்கலாம். எதிரெதிரே உட்கார்ந்து, குளிரில் உறைவதற்காகக் காத்திருக்கிறார்கள். படம் முடிகிறது. அவ்ளோதான்.

ரிலீஸுக்கு முன்பு நடந்த ஒரு திரையிடலை கார்பென்டர் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். கடைசியில் என்ன ஆகிறது, யார் ‘அது’ என்று ஓர் இளம்பெண் கேட்டிருக்கிறார். அதை நீங்கள்தான் கற்பனை செய்துகொள்ள வேண்டும் என்றாராம் இவர். எனக்கு அது சுத்தமாகப் பிடிக்காது என்று அந்தப் பெண் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டாராம். மெக்ரெடி மீட்கப்பட்டு, ரத்தப் பரிசோதனையில் மனிதன்தான் என்று உறுதியாகும் ஒரு சுப முடிவும் பாதுகாப்புக்காகப் படமாக்கப்பட்டிருந்தது. கார்பென்டர் அதைப் பயன்படுத்தவில்லை.

சரி, விமர்சகர்கள் எதைத் தவறவிட்டார்கள்?

இங்கேதான் அந்தச் சாவி வேலை செய்கிறது. விமர்சகர்களில் பலர் கையில் வைத்திருந்த அளவுகோல் 1951 படம். அதில் குழு ஒற்றுமையாக இருந்தது, இதில் இல்லை. அதில் ஒவ்வொருவரும் மனதில் நின்றார்கள், இதில் நிற்கவில்லை. அதில் நம்பிக்கை இருந்தது, இதில் அதுவும் இல்லை. அவர்கள் கவனித்த ஒவ்வொரு வித்தியாசமும் உண்மைதான். ஆனால் அவையெல்லாம் கார்பென்டர் தவறவிட்டவை இல்லை. குறுநாவலிலிருந்து அவர் தெரிந்தே திரும்ப எடுத்துக்கொண்டவை.

உதாரணத்துக்கு, கதாபாத்திரங்களில் ஆழம் இல்லை என்ற புகார். 12 பேரில் யாருடைய மனதுக்குள்ளும் படம் நம்மை அழைத்துப் போவதில்லை. மனைவி, குழந்தை, ஃபிளாஷ்பேக் எதுவும் கிடையாது. இவர்களை நமக்குச் சரியாகத் தெரியவே இல்லையே என்று தோன்றும். அதுதானே கதை! ஒருவனை உள்ளே நன்றாகக் காட்டிவிட்டால், அவன் மனிதன் என்பது நமக்குத் தெரிந்துவிடும். அப்புறம் சந்தேகம் எங்கே, பயம் எங்கே? கூட வேலை பார்ப்பவர்களைப் பற்றி அந்த முகாமில் இருப்பவர்களுக்கு எவ்வளவு தெரியுமோ, அவ்வளவுதான் நமக்கும் தெரிகிறது.

படத்தின் மிகச் சிறந்த காட்சி என்று பலரும் சொல்லும் ரத்தப் பரிசோதனைக் காட்சியை எடுத்துக்கொள்ளலாம். எல்லோரையும் கட்டி உட்கார வைக்கிறான் மெக்ரெடி. ஒவ்வொருவர் ரத்தத்தையும் தனித்தனிக் கிண்ணத்தில் எடுக்கிறான். ஒரு கம்பியைச் சூடுகாட்டி ஒவ்வொன்றிலும் தொடுகிறான். அவனுடைய கணக்கு எளிமையானது. ‘அது’ ஓர் உடல் இல்லை. அதன் ஒவ்வொரு துளியும் தனி உயிர். சுட்டால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்க்கும்.

அந்தக் காட்சியின் பெரும்பகுதியில் கோரமாக எதுவுமே நடப்பதில்லை. கம்பி சூடாவதும், ‘உஸ்’ என்று சத்தம் வருவதும், அடுத்த கிண்ணத்துக்கு நகர்வதும்தான். ஆனாலும் நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். யார் ‘அது’ என்று தெரிந்துகொள்ள ஆசை, தெரிந்துவிடுமோ என்று பயம். படம் வெறும் ரத்தக்களரி என்றால் இந்தக் காட்சி வேலையே செய்திருக்காது.

ராப் பாட்டினின் கோர உருவங்களுக்கும் இதே வேலைதான். மனித முகத்துக்குப் பின்னால் இதெல்லாம் ஒளிந்திருக்கலாம் என்று ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால், அதன் பிறகு சாதாரண முகத்தைப் பார்த்தாலும் பயம் வரும். அன்றைய விமர்சகர்கள் உருவங்களைப் பார்த்துக் கொதித்தார்கள். அந்த உருவங்கள் முகங்களின் மேல் கிளப்பிவிட்ட சந்தேகத்தை யாரும் பெரிதாக எழுதவில்லை.

அதற்கான விலையை யார் கொடுத்தார்கள்?

விமர்சகர்கள் அடுத்த வெள்ளிக்கிழமை அடுத்த படத்துக்குப் போய்விட்டார்கள். படம் எடுத்தவர்களால் அப்படிப் போக முடியவில்லை.

யுனிவர்சலுக்காக கார்பென்டர் அடுத்து இயக்க வேண்டியிருந்த படம், ஸ்டீபன் கிங் நாவலைத் தழுவிய ‘ஃபயர்ஸ்டார்டர்’. ‘தி திங்’ தோற்றதும் அந்த வாய்ப்பு கைநழுவிப் போனது. மார்க் எல். லெஸ்டர் இயக்கத்தில் 1984-ல் அது வெளியானது. கார்பென்டர் தொடர்ந்து படங்கள் எடுத்தார்தான். ஆனால் தன் தோல்விகளில் தன்னை அதிகம் பாதித்தது இதுதான் என்றும், இது ஓடியிருந்தால் தன் சினிமா வாழ்க்கையே வேறு மாதிரி இருந்திருக்கும் என்றும் பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

ராப் பாட்டின் ஒரு வருடத்துக்கும் மேலாக, வார விடுமுறைகூட இல்லாமல் உழைத்தார். வேலை முடிந்தபோது உடம்பு தாங்கவில்லை, மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அவர் சுமையைக் குறைக்க, நாய் உருமாறும் காட்சியை மட்டும் ஸ்டான் வின்ஸ்டன் குழு செய்துகொடுத்தது. பாட்டினின் பெருமையைப் பங்குபோட விரும்பாத வின்ஸ்டன், டைட்டிலில் நன்றி மட்டும் போதும் என்று ஒதுங்கிக்கொண்டார்.

திரைக்கதை எழுதிய பில் லான்காஸ்டர், நடிகர் பர்ட் லான்காஸ்டரின் மகன். குறுநாவலை நம்பி அதன் பக்கம் நின்றவர். 1997-ல், 49 வயதில் காலமானார். குறுநாவலை எழுதிய கேம்ப்பெல் 1971-லேயே இறந்துவிட்டார். தன் கதையை அதன் இயல்போடு எடுத்த படத்தை அவர் பார்க்கவே இல்லை.

காற்று எப்போது திசைமாறியது?

ஒரே நாளில் நடந்துவிடவில்லை. தியேட்டரை விட்டு ஓடிய படம், வீடியோ கேசட்டிலும் கேபிள் டி.வி-யிலும் மெல்ல மெல்லப் புது ஆட்களைப் பிடித்தது. வீட்டில் பார்க்கும்போது ஒரு வசதி. பாஸ் பண்ணலாம், ரீவைண்ட் பண்ணலாம், நண்பர்களோடு சேர்ந்து திரும்பத் திரும்பப் பார்க்கலாம். யார் எந்த நேரத்தில் ‘அது’வாக மாறினார்கள், முதலில் மாட்டியது யார், கடைசிக் காட்சியில் சைல்ட்ஸ் மனிதனா என்று ரசிகர்கள் துப்பறிய ஆரம்பித்தார்கள். அந்த விவாதம் இன்றுவரை ஓயவில்லை. அன்று கோபத்தைக் கிளப்பிய அதே திறந்த முடிவுதான், படத்தை 40 வருடங்களுக்கு மேல் உயிரோடு வைத்திருக்கிறது.

அப்படிப் பார்த்து வளர்ந்தவர்கள் பிறகு விமர்சகர்களாகவும் இயக்குநர்களாகவும் ஆனார்கள். தன் முதல் படமான ‘ரிசர்வாயர் டாக்ஸ்’ (1992) படத்திலேயே ‘தி திங்’ தாக்கம் உண்டு என்று சொன்னவர் குவென்டின் டரான்டினோ. அவருடைய ‘தி ஹேட்ஃபுல் எய்ட்’ (2015) படத்தில் பனிப்புயல், ஒரே அறை, யாரை நம்புவது என்று தெரியாத கூட்டம், நடுவில் அதே கர்ட் ரஸல். இசையும் அதே மோரிகோன். ‘தி திங்’ படத்துக்காக எழுதி, பயன்படுத்தாமல் விட்ட சில இசைத் துணுக்குகளும் அதில் இடம்பெற்றன. அந்தப் படத்துக்காக 2016-ல் மோரிகோனுக்கு ஆஸ்கர் கிடைத்தது. ராஸி பரிந்துரையில் தொடங்கிய கதை ஆஸ்கரில் போய் முடிந்தது!

காலமும் படத்துக்குப் புது அர்த்தங்களைச் சேர்த்தது. எய்ட்ஸ் என்ற பெயரே 1982 செப்டம்பரில்தான் அதிகாரபூர்வமாகப் புழக்கத்துக்கு வந்தது. எச்.ஐ.வி-யைக் கண்டறியும் ரத்தப் பரிசோதனை 1985-ல் வந்தது. அதன் பிறகு பார்த்தவர்களுக்கு, வெளியே எதுவும் தெரியாமல் உள்ளே பரவும் ஒன்றையும், ரத்தத்தைச் சோதித்தால்தான் உண்மை தெரியும் என்ற பதற்றத்தையும் சாதாரண ஹாரராகப் பார்க்க முடியவில்லை. 2020 லாக்டவுனில் மறுபடி பார்த்தவர்களுக்கு இன்னொரு அர்த்தம் கிடைத்தது. பக்கத்தில் இருமியவரை நாம் எல்லோருமே மெக்ரெடியின் கண்ணோடு பார்த்த காலம் அது, இல்லையா?

இதையெல்லாம் திட்டமிட்டு கார்பென்டர் எடுக்கவில்லை. ஆனால் கூட இருப்பவர்களை நம்ப முடியாத ஒரு காலம் எப்போது வந்தாலும், அதற்கு இந்தப் படம் பொருந்திப்போகிறது.

2011-ல் திரும்பிய வரலாறு

2011-ல் அதே ‘தி திங்’ தலைப்பில் இன்னொரு படம் வந்தது. 1982 படத்தின் தொடக்கத்தில் வரும் நார்வே முகாமில் முன்பு என்ன நடந்தது என்று சொல்லும் முன்கதை. செட்டில் கையால் செய்த உருவங்களைப் பயன்படுத்திவிட்டு, பிறகு பெரும்பாலானவற்றின் மேல் கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸைப் பூசிவிட்டார்கள். விமர்சனங்கள் சுமார்தான். அதில் அடிக்கடி வந்த புகார் என்ன தெரியுமா? கார்பென்டர் படத்தின் கைவேலைக்கு இது ஈடாகாது என்பது!

1982-ல் எந்த உருவங்களைப் பார்த்து முகம் சுளித்தார்களோ, அவையே இப்போது தரத்துக்கான அளவுகோலாக மாறிவிட்டன. 1951 படத்தைக் காட்டி 1982 படத்தை அடித்தார்கள். 1982 படத்தைக் காட்டி 2011 படத்தை அடித்தார்கள்.

அப்போ, அன்று சொன்னது எல்லாமே தப்பா?

இல்லை. ஆபத்து என்று தெரிந்தும் ஏன் தனியாகப் போகிறார்கள் என்ற ஈபர்ட்டின் கேள்வி இன்றும் நியாயமானதுதான். இன்று படத்தைக் கொண்டாடுபவர்களில் சிலரே அதை ஒப்புக்கொள்வார்கள். ரத்தத்தைப் பார்த்தாலே குமட்டும் என்பவர்களுக்கு இந்தப் படம் இன்றும் சரிவராது. அதில் தப்பு ஒன்றும் இல்லை.

கவனிக்க வேண்டியது வேறு. முதல் நாள் விமர்சனம் எழுதுபவருக்குக் கையில் இருப்பது சில மணி நேரம். ஒருமுறைதான் பார்த்திருப்பார். அந்த மாதத்தின் மனநிலையும், அதற்கு முந்தைய படத்தின் நினைவும் கூடவே இருக்கும். அந்த அவசரத்தில் படத்தில் என்ன இருக்கிறது என்று சரியாகச் சொல்லிவிட முடியும். அது எதற்காக இருக்கிறது என்று புரிய இன்னும் கொஞ்ச நாள் ஆகலாம்.

இன்னொரு விஷயம். விமர்சனங்களைத் தொகுக்கும் ‘ராட்டன் டொமேட்டோஸ்’ தளத்தில் இன்று ‘தி திங்’ படத்துக்கு 80 சதவீதத்துக்கும் மேல் ஆதரவு இருக்கிறது. அந்த எண்ணை மட்டும் பார்ப்பவர்களுக்கு, படம் எப்போதுமே கொண்டாடப்பட்டது என்றுதான் தோன்றும். 1982-ல் திட்டியவர்களையும், பல வருடங்கள் கழித்துப் பாராட்டியவர்களையும் ஒரே பையில் போட்டுக் குலுக்கி எடுத்த எண் அது. அடுத்தமுறை ஒரு புதுப் படத்தின் ஸ்கோரைப் பார்த்து டிக்கெட்டை கேன்சல் செய்யும் முன், இதை ஒருமுறை யோசிக்கலாம்.

அன்டார்க்டிகாவின் தென்துருவ ஆய்வு நிலையத்தில் ஒரு வழக்கம் உண்டு. பிப்ரவரியில் கடைசி விமானம் கிளம்பிவிட்டால், குளிர்காலம் முடியும்வரை பல மாதங்களுக்கு யாரும் உள்ளே வரவும் முடியாது, வெளியே போகவும் முடியாது. விமானம் போனதும், அங்கே தங்கிவிட்டவர்கள் எல்லோரும் கூடி உட்கார்ந்து ‘தி திங்’ படங்களைப் போட்டுப் பார்ப்பார்கள்.

அந்த மாதங்கள் முழுக்க ஒருவரை ஒருவர் நம்பித்தான் அவர்கள் வாழ வேண்டும். இந்தப் படம் எதைப் பற்றியது என்று அவர்களுக்கு யாரும் விமர்சனம் எழுதிப் புரியவைக்க வேண்டியதில்லை.